வாசகர் கேள்வி: தீவும் துப்பறிவாளரும்

கேள்வி: எண்பதுகளில் லண்டனில் பணியாற்றிய என் தந்தையார், 'பெர்ஜராக்' என்ற துப்பறியும் தொடரை இன்றும் சிலாகித்துப் பேசுகிறார். ஒரு சின்னஞ்சிறு தீவை வைத்துக்கொண்டு பத்தாண்டுகள் எப்படிக் குற்றக்கதை சொல்ல முடிந்தது?
- வாசகி, மயிலாப்பூர், சென்னை

பதில்: தீவு சின்னஞ்சிறியதாக இருந்ததால்தான் முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ராபர்ட் பேங்க்ஸ் ஸ்டூவர்ட் உருவாக்கிய இத்தொடரை பிபிசி 1981 முதல் 1991 வரை 87 பகுதிகளாக ஒளிபரப்பியது. கதை நடக்கும், பிரான்சுக் கரையருகே உள்ள ஜெர்சித் தீவின் பரப்பு ஏறத்தாழ 120 சதுர கிலோமீட்டர். 426 சதுர கிலோமீட்டர் கொண்ட நம் சென்னை மாநகராட்சியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மாட வீதியில் காலையில் நடந்த ஒரு விஷயம், நீங்கள் குளத்தைச் சுற்றி வீடு திரும்புவதற்குள் உங்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும் அல்லவா? ஜெர்சியும் அப்படிப்பட்ட ஊர்தான். அங்கே காவல் அதிகாரி விசாரிக்கப் போகிற இடமெல்லாம் தெரிந்த முகங்களாகவே இருக்கும்.

ஜான் நெட்டில்ஸ் நடித்த ஜிம் பெர்ஜராக், குடியால் குடும்பத்தை இழந்து, கால் முறிந்து, சிகிச்சை முடித்து ஊர் திரும்பியவராக முதல் பகுதியில் அறிமுகமாகிறார். பெருநகரத்துத் துப்பறிவாளர் என்றால் தம் பழைய கதையை மறைத்துக்கொண்டு வேறு பேட்டைக்குக் குடிபோய்விடலாம். இவருக்கோ நான்கு புறமும் கடல். மணவிலக்கு ஆன பின்னும் மாமனார் உறவு அவரை விடுவதில்லை. டெரன்ஸ் அலெக்சாண்டர் நடித்த அந்த மாமனார் சார்லி ஹங்கர்ஃபோர்ட், தீவின் பெருஞ்செல்வர். எந்த வழக்கை எடுத்தாலும் அதில் எங்கேயாவது அவருடைய நண்பரோ, வியாபாரமோ, விருந்தோ வந்து நிற்கும். மருமகனாக இருந்தவரும் மாமனாராக இருந்தவரும் ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டே பாசம் காட்டும் அந்தக் காட்சிகள்தாம் இத்தொடரின் உயிர்நாடி. குற்றவாளி யார் என்பது எனக்கு இரண்டாம்பட்சமே.

அவருடைய காரையும் சொல்லியாக வேண்டும். 1947ஆம் ஆண்டின் ட்ரையம்ப் ரோட்ஸ்டர். நீண்ட முகப்பும் திறந்த மேற்புறமும் கொண்ட சிவப்பு வண்டி. ஜெர்சியில் எந்தச் சாலையிலும் மணிக்கு 64 கிலோமீட்டருக்கு மேல் போகச் சட்டம் அனுமதிப்பதில்லை. இருபுறமும் வேலி நெருக்கும் ஒற்றையடித் தெருக்களில் அந்த வண்டி வளைந்து திரும்பும்போது, தப்பி ஓட நினைப்பவனுக்கும் இந்தத் தீவில் போக்கிடம் இல்லை என்பது வசனமின்றியே புரிந்துவிடும்.

கேள்வி: ஜெர்சி பிரிட்டனைச் சேர்ந்ததென்றால், பெர்ஜராக் பணியாற்றும் பிரிவுக்கு மட்டும் ஏன் பிரெஞ்சுப் பெயர்?
- வாசகர், நங்கநல்லூர், சென்னை

பதில்: ஜெர்சி ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அன்று, பிரிட்டிஷ் மன்னரின் முடிக்கு உட்பட்டு, தனக்கெனச் சட்டமன்றமும் நீதிமன்றமும் வைத்திருக்கும் தனி ஆட்சிப் பகுதி. பிரான்சின் கரை அங்கிருந்து 22 கிலோமீட்டர்தான். அந்தக் கரையிலுள்ள நார்மண்டிப் பகுதி 1204இல் ஆங்கிலேய மன்னரின் கைவிட்டுப் போனபோதும் இத்தீவு அவரிடமே தங்கிவிட்டது. ஆனால் நார்மானியச் சட்ட மரபு மாறவில்லை. தன் உரிமை பறிபோவதைக் கண்டவர் சாட்சிகள் முன் மண்டியிட்டு 'ஹாரோ' என்று மும்முறை கூவினால், எதிராளி உடனே கைநிறுத்த வேண்டும் என்ற விதி இன்றும் அங்கே உயிரோடிருக்கிறது. நம் உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையாக நிற்கும் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணிதான் இதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது. 'வெளிநாட்டார் பிரிவு' என்று பொருள்படும் 'பியூரோ டெஸ் எத்ராஞ்சே', அதாவது நீங்கள் கேட்ட பெர்ஜராக்கின் பிரிவு, கதைக்காகக் கற்பிக்கப்பட்டதே. வெளியிலிருந்து வரும் பணமும் ஆட்களும்தான் அதன் வேலை. வருமான வரி குறைவென்று செல்வர்கள் வந்து குவியும் தீவுக்கு அது மிகப் பொருத்தமான கற்பனை.

கேள்வி: புதிய 'பெர்ஜராக்' பார்க்கத் தகுந்ததா?
- வாசகர், அண்ணா நகர், சென்னை

பதில்: டேமியன் மோலனி நடித்து 2025இல் வந்தது அது. பழைய தொடரில் பெரும்பாலும் ஒரு பகுதிக்கு ஒரு வழக்கு. புதியதில் தொடர் முழுவதும் ஒரே வழக்கு. நெட்டில்ஸின் முதல் பகுதியைப் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள். சார்லியை இரண்டிலும் கவனியுங்கள்.