மடியில் பால் இல்லாத நேரம்

அன்புள்ள அண்ணா,

11 கறவை மாடுகளை வைத்துப் பண்ணை நடத்துகிறேன். நடுவில் சின்னச் சின்ன வேடங்களில் நடிக்கிறேன். சொந்தச் செலவில் இரண்டு குறும்படங்களும் எடுத்திருக்கிறேன். இரண்டாவது படத்தின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன். காலை நாலரைக்கும் மாலை நாலரைக்கும் தொழுவத்தில் நின்றாக வேண்டும் என்பதால் வெளியூர்ப் படப்பிடிப்புகளைத் தொடர்ந்து விட்டுவிடுகிறேன். என்னோடு தொடங்கியவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். வெறும் பால்காரனாகவே நின்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மாடுகளை விற்றுவிட்டு முழுநேரமாகச் சினிமாவுக்கு வந்துவிடலாமா? அடுத்த படத்துக்கு எந்தக் கேமரா வாங்கலாம், எந்த விழாக்களுக்கு அனுப்பலாம் என்றும் சொல்லுங்கள். சிவப்பி கன்று போட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அது முடிந்ததும் முடிவெடுக்க வேண்டும்.

ர.

அன்புள்ள ர,

கேமராவை விடுங்கள். இருப்பது போதும். விழாக்களின் பட்டியல் தேடினால் கிடைத்துவிடும்.

'வெறும் பால்காரன்' என்று இனி எனக்கு எழுத வேண்டாம். என் அம்மா பால் கறந்துதான் என்னைப் படிக்க வைத்தாள். சினிமாவுக்கும் பால்காரனுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறீர்களா? 1976இல் ஷியாம் பெனகல் 'மந்தன்' என்ற இந்திப் படத்தை எடுத்தபோது அதற்குப் பணம் போட்டவர்கள் குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள். 5 லட்சம் பேர், ஆளுக்கு 2 ரூபாய். அந்த வரிசையில் நிற்கிற ஆள் நீங்கள்.

உங்கள் படத்தை இரண்டு முறை பார்த்தேன். அப்பாவிடம் பணம் கேட்க வந்தவன் கேட்காமலேயே செருப்பை மாட்டிக்கொண்டு திரும்புகிறானே, அந்த இடத்தில் நன்றாக நடித்திருக்கிறீர்கள். ஆனால் அடுத்து வரும் கறவைக் காட்சியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கதையில் அது விடியற்காலை. எடுத்திருப்பது வெயில் ஏறிய பிறகு. கறந்து முடித்த மடி அது, காம்புகள் சுருங்கித் தொங்குகின்றன. வாளியில் முன்கூட்டியே பாலை ஊற்றி வைத்திருக்கிறீர்கள், அதன்மேல் நுரையே இல்லை. அப்போதுதான் கறந்த பால் நுரை கட்டி நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா? தினமும் இரண்டு வேளை காம்பை முழுக்கையால் அமுக்கிக் கறக்கிற ஆள், படத்தில் விரலால் பிடித்து இழுக்கிறீர்கள். அதுவும் ஏழே விநாடி. போதாததற்கு வயலின் வேறு.

உங்களைவிட நல்ல கேமரா வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். அதில் போய்ப் பொய் சொல்லியிருக்கிறீர்கள். வெளிச்சம் நன்றாக இருந்தது என்பீர்கள். மடியில் பால் இல்லாத நேரத்து வெளிச்சம் எதற்கு?

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் கறக்க வந்தார். நல்ல கைக்காரர்தான். கன்றை ஊட்டவிட்டுப் பார்த்தார், வெந்நீரில் மடியைக் கழுவிப் பார்த்தார். மாடு சுரப்பு விடவே இல்லை. காதை விறைத்துக்கொண்டு காலை மாற்றி மாற்றி வைத்தது. கன்றைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. சுவரைப் பிடித்தபடி அம்மா எழுந்து வந்தாள். அவளால் உட்கார்ந்து கறக்க முடியாது. மாட்டின் முதுகில் கையை வைத்து ஏதோ பேசிக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். மாடு ஒரு பெருமூச்சு விட்டது. அப்புறம் பார்த்தேன், காம்புகளின் சுருக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து தோல் பளபளத்தது. ஒரு காம்பின் நுனியில் சொட்டுப் பால் வந்து நின்றது. அதுவரை அவர் மறுபடி கை வைக்கவே இல்லை.

பெரியவனான பிறகுதான் காரணத்தைப் படித்தேன். காம்பில் கை பட்டாலோ, பழகிய குரல் கேட்டாலோ மாட்டின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் சுரந்து ரத்தத்தின் வழியாக மடிக்கு வருகிறது. ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடிக்கும். மடிக்குள் இருக்கும் நுண்ணிய பால் பைகளை அதுதான் அமுக்குகிறது. அதன் வேகம் சில நிமிடங்கள்தான். மாடு மிரண்டால் அட்ரினலின் குறுக்கே வந்து தடுத்துவிடும். மடி நிறையப் பால் இருந்தாலும் இறங்காது.

அந்த ஒரு நிமிடத்தை வெட்டாமல் எடுங்கள். இசை வேண்டாம். மாடு கேமராவைப் பார்த்து மிரண்டால் பால் இறங்காது, எனவே கேமராவைத்தான் நீங்கள் மாட்டுக்குப் பழக்க வேண்டும். பார்க்கிறவனுக்கு அலுக்கும் என்று உங்கள் எடிட்டர் சொல்வார். அவருக்கு அலுக்கட்டும். பத்து வயதில் எனக்கு அலுக்கவில்லை.

சரி, மாடுகளை விற்பது. கடன் கழுத்தை நெரித்தால் விற்றுக்கொள்ளுங்கள், அது வீட்டுக் கணக்கு, நான் தலையிட முடியாது. சினிமாவுக்காக விற்காதீர்கள். பிரான்ஸில் உபெர் ஷாருயெல் என்று ஒருவர், பால் பண்ணைக்காரர்களின் மகன். மாட்டுக்கு வந்த தொற்றை மறைக்கப் பார்க்கும் ஓர் இளம் பண்ணைக்காரனைப் பற்றி 2017இல் தன் முதல் முழுநீளப் படத்தை எடுத்தார். படப்பிடிப்பு நடந்தது பெற்றோரின் பண்ணையிலேயே. வீட்டு ஆட்களையும் நடிக்க வைத்தார். அடுத்த ஆண்டு சிறந்த முதல் படத்துக்கான சேசார் விருது, பிரான்ஸின் பெரிய சினிமா விருது, அதற்குக் கிடைத்தது.

30 நாள் சேர்ந்தாற்போல் உங்களால் வெளியே போக முடியாது. ஆனால் ஒரு சினைக்காலம் முழுக்க, ஏறக்குறைய 280 நாள், அதே தொழுவத்தில் அதே மாட்டின் எதிரே தினமும் அரை மணி நேரம் கேமராவோடு நிற்க முடியும். எந்தத் தயாரிப்பாளர் தருவார் அப்படி ஒரு கால்ஷீட்?

நான் பதில் எழுதத் தாமதித்துவிட்டேன், சிவப்பிக்கு நாள் நெருங்கியிருக்கும். வாலின் அடியில் இரு பக்கமும் குழைந்து பள்ளம் விழுந்ததும் முக்காலியில் கேமராவை வைத்துவிடுங்கள். கன்று தரையில் விழுந்த பிறகு கேமரா பக்கமே பார்க்காதீர்கள். மூக்கிலும் வாயிலும் இருக்கும் கோழையைத் துடைத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலைக் குடிக்க வையுங்கள். கிடாரியா காளையா என்று எழுதுங்கள்.