கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒரு கூடாரம்

கேள்வி: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. குழந்தைகளோடு முதல் தடவையாகக் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறோம். எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதல் தடவை என்றால் தாழ்வான மலைச்சரிவில் உள்ள முகாம்தான் என் சிபாரிசு.

கடற்கரை பகலில் அருமையாக இருக்கும். ஆனால் மணலில் கூடாரத்தின் முளைக்குச்சி நிற்காது. பைகளில் மணலை நிரப்பிப் புதைத்து, அதில் கயிற்றைக் கட்ட வேண்டும். அப்புறம் அலை. ஒரு பௌர்ணமி இரவு, காய்ந்த மணல்தானே என்று நம்பிப் படுத்தேன். நள்ளிரவில் படுக்கை நனைந்து விழித்தபோது மகள் பயந்து அழுதது இன்னும் மறக்கவில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், வழக்கத்தைவிட மேலே ஏறும். காய்ந்த பாசியும் குப்பையும் கோடு போட்டிருக்கும் இடத்தைத் தாண்டி, நன்றாக மேலே போய்விடுங்கள்.

மலையில் 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். கடலோரத்துக்குப் போதுமான போர்வை அங்கே போதாது. பள்ளத்தாக்கின் அடிப்பகுதி இன்னும் மோசம். இரவில் கனத்த குளிர்காற்று வடிந்து அங்கேதான் தேங்கும். கொஞ்சம் மேலே உள்ள சமதளம் போதும். வறண்ட ஓடைப்படுகை மட்டும் வேண்டவே வேண்டாம். எங்கோ உச்சியில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும்.

பட்டுப்போன கிளைக்குக் கீழே கூடாரம் அடிக்காதீர்கள். சரி, கழிப்பறை? குழந்தைகள் இருட்டில் நடக்கக்கூடிய தூரத்தில் இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.