ஒயாசிஸின் 'பி ஹியர் நவ்': யார் பேச்சைக் கேட்டு வாங்குவது?

கேள்வி: லண்டனுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான ஒயாசிஸின் முதல் இரண்டு ஆல்பமும் சிடியாக வைத்திருக்கிறேன். மூன்றாவது ஆல்பமான 'பி ஹியர் நவ்' வாங்கலாம் என்று பார்த்தால், கேட்டவர்கள் எழுதியிருப்பதைப் படித்துத் தலை சுற்றுகிறது. ஒருவர் ஐந்து நட்சத்திரம் போடுகிறார், அடுத்தவர் ஒரே நட்சத்திரம் போட்டு 'காசு தண்டம்' என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். எப்போது கேட்டார்கள், எதைப் பற்றிக் குறைபடுகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

இந்த ஆல்பம் வந்தது 1997 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை. முதல் நாளில் மட்டும் பிரிட்டனில் 4,20,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான் நெப்வொர்த் மைதானத்தில் இரண்டே இரவில் இரண்டரை லட்சம் பேருக்கு முன்னால் பாடியிருந்தார்கள், அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை, பிரிட்டனின் இசைப் பத்திரிகையான கியூ ஐந்து நட்சத்திரம் கொடுத்தது, கடை வாசலில் வரிசை. முதல் நாள் வாங்கிய ரசிகர் யாரும் முழு ஆல்பத்தையும் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கியிருக்க முடியாது. வீட்டுக்குப் போய் நாலைந்து தடவை கேட்ட பிறகுதான் ஏமாற்றம் தொடங்கியது. பழைய சிடி கடைகளில் இது குவிந்தது, பாடல்களை எழுதிய நோயல் கலாகரே பின்னால் இதைக் கடுமையாக விமர்சித்தார். ஒரு நட்சத்திரக் கோபத்தில் பெரும்பகுதி அந்தத் தலைமுறையின் ஏமாற்றம். எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் பிற்பாடு கேட்டவர்கள், நான் படித்தவரை, இவ்வளவு கோபப்படுவதில்லை.

சரி, குறை என்ன? திரும்பத் திரும்ப வருவது இரண்டு. ஒன்று நீளம்: 12 தடங்கள், 71 நிமிடத்துக்கு மேல். 'ஆல் அரவுண்ட் த வேர்ல்டு' ஒன்பது நிமிடத்தைத் தாண்டுகிறது, போதாக்குறைக்கு அதே மெட்டு கடைசியில் இன்னொரு முறை வருகிறது. இரண்டாவது, கிட்டார் மேல் கிட்டாராக அடுக்கி, பாடகர் லியாமின் குரலே அதற்குள் முண்டியடித்து வெளியே வர வேண்டியிருக்கிறது. இரண்டுமே நியாயமான குறைதான். ஆனால் 'ஸ்டாண்ட் பை மீ', 'டோன்ட் கோ அவே' இரண்டையும் குறைசொல்பவர்கள்கூட விட்டுக்கொடுப்பதில்லை, எனக்கும் 'டோன்ட் கோ அவே' இந்தக் குழுவின் மிக நல்ல பாடல்களில் ஒன்று. ஆகவே என் யோசனை: முதலில் இணையத்தில் ஆறு ஆறு பாடலாக இரண்டு உட்காரலில் கேளுங்கள், ஒரே மூச்சில் வேண்டாம். பிடித்தால் 1997 சிடியே போதும். இவ்வளவு விற்ற ஆல்பம் என்பதால் அங்கே தர்ம நிறுவனங்கள் பழைய பொருட்களை விற்கும் சேரிட்டி கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கும், புதிதாக வாங்க அவசியமே இல்லை.

கேள்வி: 2016-இல் வந்த மூன்று சிடி பதிப்பு ரீமாஸ்டர் செய்யப்பட்டது என்கிறார்கள். விலை அதிகம். அதை வாங்கினால் அந்தக் கிட்டார் இரைச்சல் குறைந்திருக்குமா?

பதில்: குறைந்திருக்காது, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ரீமாஸ்டர் என்பது இறக்கி வைத்த குழம்பில் உப்பு, புளி சரிபார்ப்பது மாதிரி. உள்ளே வெந்துபோன காயை வெளியே எடுக்க முடியாது. ஒலியின் அளவையும் தெளிவையும் திருத்தலாம், அவ்வளவுதான். கிட்டாரைக் குறைக்க வேண்டுமென்றால் தனித்தனிப் பதிவுகளை மறுபடி எடுத்துப் புதிதாகக் கலக்க வேண்டும், அதன் பெயர் ரீமிக்ஸ். நோயல் அந்த வேலையை முழு ஆல்பத்துக்கும் செய்ய ஆரம்பித்தார், முதல் பாடலான 'டி'யூ நோ வாட் ஐ மீன்?' முடிந்ததோடு நிறுத்திவிட்டார். அந்த ஒரு பாடலின் புது வடிவம் மட்டும்தான் இந்தப் பதிப்பில் இருக்கிறது.

அப்படியென்றால் வாங்கவே வேண்டாமா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். இரண்டாவது சிடியில் அந்தக் காலத்து சிங்கிள்களின், அதாவது தனியாக வெளியிட்ட பாடல்களின், மறுபக்கப் பாடல்கள் இருக்கின்றன, அதில் 'ஸ்டே யங்' ஒன்றைக் கேட்டாலே இதை ஏன் ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டார்கள் என்று ஆதங்கமாக இருக்கும். மூன்றாவதில், 1996-இல் கரீபியன் கடலின் மஸ்டிக் தீவில் வைத்து நோயலும் தயாரிப்பாளர் ஓவன் மோரிஸும் பதிந்த ஆரம்ப வடிவங்கள். கிட்டார் அடுக்குகள் ஏறுவதற்கு முன்னால் இந்தப் பாடல்கள் எப்படி இருந்தன என்பது அதில் கேட்கிறது. 1997 சிடி ஏற்கெனவே உங்களிடம் இருந்து, இந்த இரண்டுக்காகவே காசு கொடுக்கத் தோன்றினால் வாங்குங்கள். ஒலி மாறியிருக்கும் என்ற நம்பிக்கையில் வாங்காதீர்கள்.

கேள்வி: இதையே இசைத்தட்டாக இணையத்தில் வாங்கினால், பிடிக்காவிட்டால் திருப்பித் தர முடியுமா?

பதில்: பிரிட்டனில் இணையம் வழியாக ஒரு வியாபாரியிடம் வாங்கினால், கைக்கு வந்த 14 நாளுக்குள் மனம் மாறிவிட்டது என்று சொல்லலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒட்டி மூடி வந்த இசைத்தட்டு, சிடி இவற்றின் உறையைப் பிரித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். அதனால் பாட்டுப் பிடிக்கவில்லை என்று பிரித்ததைத் திருப்ப முடியாது. தட்டு வளைந்திருந்தால், ஊசி தாவினால் கதை வேறு: அது பழுதான பொருள், 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். வந்த அன்றே நாலு பக்கமும் ஓடவிட்டுப் பாருங்கள், ஏனென்றால் இது இரட்டைத் தட்டு, முதல் தட்டை மட்டும் கேட்டுவிட்டு மற்றதை அப்படியே அலமாரியில் வைத்துவிடுவோம்.

தனி நபரிடம் பழையது வாங்கினால் இந்த இரண்டு பாதுகாப்பும் கிடையாது. இரண்டு தட்டும் உள்ளே இருக்கின்றனவா, பரப்பில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் எடுத்த படம் கேட்டு வாங்கிவிட்டுத்தான் பணம் அனுப்ப வேண்டும்.