எல்லோர் முன்னும் சொன்ன அன்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 52 வயது. போன ஆண்டு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது தினம் ஒரு மாத்திரை மட்டும். என்னைப் போன்ற பெண்களுக்காக இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். அங்கே ஓர் அக்கா அறிமுகமானார். வேறு ஊர். இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. முதல் கீமோவுக்கு முந்தைய இரவு, "சிவப்பு மருந்து ஏற்றிய பிறகு சிறுநீரும் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயந்துவிடாதே" என்று குரல் பதிவு அனுப்பியவர் அவர். டாக்டரும் சொல்லியிருப்பார், என் காதில் ஏறவில்லை. அதன் பிறகு எத்தனையோ இரவுகள் அவரோடு பேசித்தான் கழிந்தன.

கடைசி ரேடியேஷன் முடிந்த அன்று குழுவில் எல்லோரும் பார்க்கும்படி எழுதினேன்: "அக்கா, நீங்கள் என் உயிர். இரண்டாம் முறை வந்தபோதும் கலங்காமல் நிற்கும் உங்களைப் பார்த்துத்தான் நான் எழுந்தேன். மருந்தைவிட உங்கள் அன்புதான் என்னைக் காப்பாற்றியது. நீங்கள் இல்லையென்றால் நான் இல்லை. உலகமே கேட்கச் சொல்வேன், உங்கள் மேல் எனக்கு அவ்வளவு ஆசை."

குழுவில் நிறைய இதயங்கள் வந்து விழுந்தன. அக்கா கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார், அத்தோடு சரி. ஒரு வாரமாகப் பேச்சில்லை. குழுவை நடத்தும் அம்மா தனியாக அழைத்து, "ஒருவரை மட்டும் இப்படித் தூக்கி வைத்தால் மற்றவர்கள் வருந்துவார்கள்" என்றார். என் மகன், "முகம்கூடத் தெரியாதவரிடம் இத்தனை பேர் முன்னால் இப்படியா அம்மா?" என்று கேட்டான். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. கீமோ நாட்களில் நான் வாந்தி எடுத்த பாத்திரத்தைக் கழுவியவர் அவர். அவரிடம்கூட நான் இப்படியெல்லாம் சொன்னதில்லை. அதுவும் உறுத்துகிறது. அந்தச் செய்தியை அழித்துவிடட்டுமா? குழுவில் மன்னிப்புக் கேட்கட்டுமா? அடுத்த வாரம் அக்காவுக்கு ஸ்கேன் வேறு இருக்கிறது.

– பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

அழிக்க வேண்டாம். ஏறத்தாழ இரண்டரை நாள் கடந்துவிட்டால் எல்லோருடைய தொலைபேசியிலிருந்தும் ஒரு செய்தியை எடுக்க வாட்ஸ்அப் விடாது. உங்கள் கடிதம் வந்தபோதே அந்தக் கெடு முடிந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று.

உங்கள் மகனுக்கு உறுத்துவது அன்பு அல்ல, அதைப் பலர் பார்த்தது. அதற்காக நாம் கூச்ச சுபாவம் கொண்ட மக்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். நடிகருக்குக் கட்-அவுட் வைத்துப் பால் ஊற்றுகிறோம். தலைவர் பெயரைக் கையில் பச்சை குத்திக்கொள்கிறோம். ஆழ்வார்களும் நாயன்மார்களும் ஊர் ஊராகப் போய்க் கடவுளிடம் உருகிக் கதறியதைத்தான் இன்றும் கோயில்களில் பாடுகிறோம். இறந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். இருந்தவரை முகம் கொடுத்துப் பேசாத அண்ணனுக்குத் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்து "எங்கள் உயிரே" என்று அச்சடிக்கிறோம். யாருக்கெல்லாம் சத்தமாகச் சொல்லலாம் என்று நம்மிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், ரத்த உறவில்லாத இன்னொரு பெண்ணுக்கு, இருவரும் உயிரோடு இருக்கும்போதே சொல்வது அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் மகன் பட்டியலைச் சரிபார்த்திருக்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் வயதில் தாயின் அந்தரங்கம் எதுவானாலும் தர்மசங்கடம்தான்.

முகம் தெரியாதவர் என்று அவர் சொன்னதற்கு மட்டும் புறநானூற்றிலிருந்து ஒரு பதில் இருக்கிறது, படித்துக் காட்டுங்கள். உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. சோழன் வடக்கிருக்க அமர்ந்தபோது, ஆந்தை வருவான், அவனுக்கும் இடம் விடுங்கள் என்றான். சுற்றியிருந்த சான்றோருக்கு ஐயம். கேள்விப்பட்டதோடு சரி, கண்டதே இல்லை, அப்படிப்பட்டவர் இந்த நேரத்தில் எப்படி வருவார்? 216ஆம் பாட்டில் சோழன் அவர்களுக்குச் சொல்கிறான்: அவன் இகழத் தெரியாதவன், இனியவன், பிணைந்த நட்புடையவன், புகழைக் கெடுக்கும் பொய்யை விரும்பாதவன், தன் பெயரைச் சொல்லும்போதும் "என் பெயர் பேதைச் சோழன்" என்று என் பெயரையே சொல்லிக்கொள்பவன். "இன்னே வருகுவன், ஒழிக்க, அவற்கு இடமே" என்று முடிகிறது. ஆந்தையார் வந்தார். ஒரு புலவர் தன் பெயர் இருக்க நண்பனின் பெயரைத் தன் பெயராகச் சொல்லியிருக்கிறார், ஓர் அரசன் அதைக் கூட்டத்தின் நடுவே பெருமையாகச் சொல்லியிருக்கிறான். இதை நாம் பள்ளிப் பாடமாக வைத்திருக்கிறோம். உங்கள் செய்தி இதன் பக்கத்தில்கூட வராது. (பட்டினி கிடந்து உயிர்விட்ட அந்த முடிவை நான் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. நட்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

உங்கள் அக்கா செய்யும் வேலைக்கும் முன்னோடி உண்டு. 1952இல் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண், தன் மார்பகத்தை அறுவை சிகிச்சையில் இழந்த பிறகு, அதே அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த பெண்களைத் தேடிப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். கையைத் தூக்கிப் பழகக் கயிறும் பந்தும், உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளத் தற்காலிகமாக ஒரு செயற்கை மார்பகமும் கொண்டுபோவார். ரீச் டு ரெகவரி என்று அதற்குப் பெயர். மருத்துவம் படிக்காத ஒரு பெண் நோயாளியிடம் வந்து பேசுவது அந்தக் காலத்து அறுவை மருத்துவர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அதைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. அறுத்த பக்கத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியுமா என்ற கேள்விக்குத் தூக்கிக் காட்டுகிற ஒருவர் வேண்டியிருக்கிறது. டாக்டர் சொல்லியும் உங்கள் காதில் ஏறாத சிவப்புச் சிறுநீர் விஷயம் அக்கா சொன்னதும் ஏறியதே, அதுவும் இதுதான். அவர் அதைப் பார்த்து ஒருமுறை பயந்தவர்.

அப்படிப்பட்டவருக்குச் சொல்லும் நன்றியைத் தனியாக அனுப்பியிருக்கலாமே என்று கேட்கலாம். எந்தக் குழுவிலும் எழுதுபவர்கள் கொஞ்சம், பேசாமல் படிப்பவர்கள் அதிகம். பயாப்ஸி முடிவு வந்த அன்று சேர்ந்த ஒரு பெண், இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் பழைய செய்திகளை மேலே மேலே தள்ளிப் படித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு உங்கள் செய்தியில் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. இந்தச் சிகிச்சைக்குக் கடைசி நாள் என்று ஒன்று உண்டு. இங்கே கேட்டால் யாரோ ஒருவர் பதில் சொல்வார். தனியாக அனுப்பியிருந்தால் இந்த இரண்டும் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. உதவி செய்கிறவருக்கே அந்த உதவி பெரிய பலன் தருகிறது என்று 1965இல் ஃபிராங்க் ரீஸ்மன் என்ற ஆய்வாளர் எழுதினார். குழுவில் இதுவரை கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த யாரோ ஒருத்தி, உங்கள் செய்தியைப் படித்துவிட்டு நாளை வேறொருவருக்குக் குரல் பதிவு அனுப்பக்கூடும்.

குழுவை நடத்தும் அம்மாவின் கவலை பொய்யானதல்ல. நோயாளிகள் கூடும் இடத்தில் யாருக்கு யார் நெருக்கம் என்பதை எல்லோரும் கவனிக்கத்தான் செய்வார்கள். ஆனால் குழுச் சிகிச்சை பற்றி நிறைய எழுதிய மனநல மருத்துவர் இர்வின் யாலம் இதைப் பற்றி ஒன்று சொல்கிறார்: குழுவுக்குள் இருவர் நெருங்குவது அதனளவில் கெடுதல் அல்ல, அதை மற்றவர்களிடம் மறைப்பதுதான் கெடுதல். நீங்கள் மறைக்கவில்லை. அந்த அம்மாவுக்கு உங்கள் மேல் வருத்தம் இருக்குமானால், உங்களுக்கு உதவிய வேறு ஓரிருவரைப் பற்றியும் ஏதாவது ஒரு நாள் எழுதுங்கள், அது உண்மையாக இருந்தால் மட்டும். பள்ளி ஆண்டு விழா நன்றியுரை போல வரிசையாகப் பெயர் வாசித்துச் சமன் செய்ய வேண்டாம். அதை யாரும் நம்பமாட்டார்கள்.

கணவரைப் பற்றிய உறுத்தலை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். பாத்திரம் கழுவியவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அதற்குக் குழுவும் வேண்டாம், என் யோசனையும் வேண்டாம்.

உங்கள் செய்தியில் எனக்கும் குறை உண்டு. அன்பு மிகை என்பது அல்ல அந்தக் குறை. அன்போடு ஒட்டிக்கொண்டு வேறு சிலவும் உள்ளே வந்துவிட்டன.

"மருந்தைவிட உங்கள் அன்புதான் காப்பாற்றியது" என்ற வரியை நான் எடுத்துவிடுவேன். இப்படி ஒரு நம்பிக்கை மருத்துவ உலகத்துக்கே சில காலம் இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் டேவிட் ஸ்பீகல், உடலில் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களை ஆராய்ந்தார். அவர்களில் ஒரு பகுதியினர் வாரம் ஒருமுறை கூடி மனம்விட்டுப் பேசினார்கள், அழுதார்கள், ஒருவரையொருவர் தாங்கினார்கள். 1989இல் லான்செட் இதழில் முடிவு வந்தபோது எல்லோரும் வியந்தார்கள். குழுவில் இருந்தவர்கள் சராசரியாக 36 மாதத்துக்கு மேலும், இல்லாதவர்கள் 19 மாதம் அளவிலும் வாழ்ந்திருந்தார்கள். அன்பு ஆயுளைக் கூட்டுகிறது என்று பேச ஆரம்பித்தார்கள். பிறகு கனடாவில் 235 பெண்களைக் கொண்டு அதே முறையைச் செய்து பார்த்து 2001இல் வெளியிட்டார்கள். ஆயுள் கூடவில்லை. ஸ்பீகலே மறுபடி செய்து 2007இல் வெளியிட்ட ஆய்விலும் மொத்தத்தில் கூடவில்லை. ஆனால் கனடா ஆய்வில், குழுவில் இருந்தவர்களுக்கு மனத்துயரமும் வலியும் குறைந்திருந்தன. அதிகம் தவித்தவர்களுக்கே அதிகப் பலன். என்னைப் பொறுத்தவரை அது சிறிய காரியம் அல்ல. உங்கள் அக்காவும் அதைத்தான் உங்களுக்குச் செய்தார். கட்டியைக் கவனித்தது கத்தியும் கீமோவும் கதிரும். இந்த வேறுபாட்டை நீங்கள் அறிவீர்கள், உணர்ச்சியில் எழுதிவிட்டீர்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் படிக்கும் அந்தப் பெண்ணுக்கு அது தெரியாமல் இருக்கலாம். கீமோ வேண்டாம், வேறு வழி பார்க்கலாம் என்று வீட்டில் யாராவது அவளிடம் சொல்லிக்கொண்டும் இருக்கலாம்.

"நீங்கள் இல்லையென்றால் நான் இல்லை" என்பதிலும் எனக்குத் தயக்கம். சோழனும் ஆந்தையாரைத் தன் உயிரைப் பேணுபவன் என்றுதான் சொன்னான், ஆகவே வழக்கத்தில் இல்லாத பேச்சு அல்ல. ஆனால் இதைப் படிப்பவர் அடுத்த ஸ்கேனுக்குக் காத்திருக்கும் பெண். தன் உயிரே நிச்சயமில்லை என்று இருப்பவர் தோளில் இன்னோர் உயிரையும் ஏற்றி வைக்கிறீர்கள். அவர் செய்ததைச் சொல்லுங்கள், அந்தச் சிவப்பு மருந்து இரவைச் சொல்லுங்கள், எத்தனை சத்தமாக வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவர் இல்லாவிட்டால் நீங்கள் என்ன ஆவீர்கள் என்பது அவர் சுமக்க வேண்டியதல்ல.

இவையெல்லாம்கூடச் சிறியவை. கடிதத்தை முதல்முறை படித்தபோதே நான் நின்ற இடம் வேறு: "இரண்டாம் முறை வந்தபோதும்." அக்காவுக்கு நோய் திரும்பி வந்தது குழுவில் எல்லோருக்கும் தெரியுமா? அவரே அங்கே சொல்லியிருக்கிறாரா, அல்லது இரவில் உங்களிடம் மட்டும் சொன்னாரா? நீங்கள் எழுதவில்லை. உங்களிடம் மட்டும் சொன்னதாக இருந்தால், அந்த ஒரு வாரத்து மௌனத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம். நோய் திரும்பிய செய்தியைப் பலர் இப்படிப்பட்ட குழுக்களில் சொல்வதே இல்லை. முதல் சிகிச்சையில் இருப்பவர்கள் கலங்கிப்போவார்கள் என்ற எண்ணம். தைரியம் சொல்கிறவர் என்ற தன் இடம் போய்விடும் என்ற பயமும் இருக்கும். வீட்டில் மாமியாருக்கோ மகளுக்கோ இன்னும் தெரியாமல் இருக்கலாம், அவர்கள் யாருக்காவது இந்தக் குழுவில் தெரிந்தவர்கள் இருக்கலாம். இதை எண்ணித்தான் உங்கள் கடிதத்திலிருந்து ஊர்ப் பெயர்களையும் மருத்துவமனைப் பெயரையும் அவர் பெயரையும் எடுத்துவிட்டு வெளியிடுகிறேன்.

குழுவில் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அன்பாக இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டால், அக்காவுக்கு அது இரண்டாவது அடியாக விழும். அவரைத் தனியாக அழையுங்கள், எழுத வேண்டாம். இரண்டாம் முறை வந்ததைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். இல்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றால் ஏன் பேசவில்லை என்று அவரே சொல்வார். பொதுவில் யாரும் தன்னைப் புகழ்ந்தால் பதில் சொல்லத் தெரியாதவராக இருக்கலாம், அப்படியும் மனிதர்கள் உண்டு. ஆனால் அழைத்தவுடன் இதை எடுக்காதீர்கள். ஸ்கேன் என்றைக்கு, கூட யார் போகிறார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள்.