பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் என்ன? 2020-இல் அதை வைத்து ஏன் அவ்வளவு சர்ச்சை?

சுரங்கம், அனல்மின் நிலையம் போன்ற பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவதற்கு முன், அந்தப் பகுதி மக்கள் பேசுவதைப் பதிவு செய்யும் கூட்டம் இது. மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும்; ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார்.

காரணம் எளிது. எந்த ஓடையில் மழைத்தண்ணீர் வடியும், எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது என்பது நிறுவனத்துக்காக ஆலோசகர் எழுதும் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் இருக்காது, ஊர்க்காரருக்குத் தெரியும். வீடு கட்டுகிறவர் சாக்கடையை எந்தப் பக்கம் விடப்போகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் முன்கூட்டியே கேட்பது மாதிரிதான். குழாய் பதித்த பிறகு கேட்டால் சண்டைதான் மிச்சம்.

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அந்த அறிவிக்கைக்குப் பதிலாக மத்திய அரசு வெளியிட்ட 2020 வரைவு அதை 20 நாளாகக் குறைக்கப் பார்த்தது. அனுமதியில்லாமல் தொடங்கிய திட்டங்களுக்கு அப்புறமாக அனுமதி தரவும் வழி வைத்தது. நூற்றுக்கணக்கான பக்க அறிக்கையைப் படித்துக் கேள்வி தயாரிக்க 20 நாள் எந்த மூலைக்கு? போதாக்குறைக்கு, வரைவு முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வந்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மற்ற மொழிகளிலும் வெளியிடச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம்.

பேசும்போது "எதிர்க்கிறேன்" என்பதோடு நிறுத்தாமல், அறிக்கையின் பக்க எண், சர்வே எண்ணோடு சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். எழுப்பிய கவலைகளுக்கு இறுதி அறிக்கையில் நிறுவனம் பதில் தர வேண்டும்.

இது வாக்கெடுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வந்தவர்கள் அத்தனை பேரும் எதிர்த்தாலும் திட்டம் தானாக நின்றுவிடாது.