'கெட்' என்றால் 'பெறு' மட்டும்தானா?

கேள்வி: 'கெட்' என்றால் 'பெறு' என்று பள்ளியில் படித்தேன். ஆனால் 'கெட் ஆங்ரி', 'கெட் ஹோம்', 'ஐ டோன்ட் கெட் இட்' என்றெல்லாம் பேசுகிறார்கள். அகராதியில் பார்த்தால் பொருள்கள் நீண்டுகொண்டே போகின்றன. இத்தனையையும் எப்படி மனப்பாடம் செய்வது?

பதில்: மனப்பாடம் வேண்டாம். 'கெட்' தன் பொருளை அடுத்து வரும் சொல்லிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அடுத்து நிற்பது பெயர்ச்சொல்லா, பெயரடையா, இடமா, இன்னொரு வினையா என்று பாருங்கள். பெரும்பாலான வாக்கியங்கள் அதிலேயே பிடிபட்டுவிடும்.

பெயர்ச்சொல் வந்தால் நீங்கள் படித்த 'பெறு' அங்கே பொருந்தும். 'ஐ காட் எ லெட்டர்' என்றால் எனக்கு ஒரு கடிதம் வந்தது. 'ஹி காட் எ கோல்ட்' என்றால் அவனுக்குச் சளி பிடித்தது. 'ஐ காட் எ நியூ ஃபோன்' என்பதில் வாங்கினேனா, யாராவது கொடுத்தார்களா என்பது தெரியாது. வாங்கியதைத்தான் சொல்ல வேண்டும் என்றால் 'பாட்' (வாங்கினேன்) என்றே சொல்லிவிடுங்கள். 'கெட் மீ சம் வாட்டர்' என்று இரண்டு பெயர்கள் வந்தால் 'கொண்டுவந்து கொடு' என்று பொருள்.

பெயரடை வந்தால் 'ஆகு' என்ற மாற்றம். 'ஐ ஆம் டயர்ட்' என்பது இப்போதுள்ள நிலை, களைப்பாக இருக்கிறேன். 'ஐ ஆம் கெட்டிங் டயர்ட்' என்றால் களைப்பு வந்துகொண்டிருக்கிறது. இங்கே ஒரு பள்ளம் உண்டு. 'ஆகு' என்ற பொருள் பெயரடையோடு மட்டுமே வரும். டாக்டர் ஆக வேண்டும் என்று நினைத்து 'ஐ வான்ட் டு கெட் எ டாக்டர்' என்றால், 'எனக்கு ஒரு டாக்டர் வேண்டும்' என்றுதான் கேட்பவர் புரிந்துகொள்வார். அங்கே 'பிகம்' போட வேண்டும்.

இடம் வந்தால் 'போய்ச் சேர்' என்று பொருள். 'கெட் டு தி ஸ்டேஷன்' என்பதில் 'டு' வேண்டும். ஹோம், ஹியர், தேர் ஆகிய மூன்றுக்கும் முன்னால் 'டு' வராது. 'ரீச்' என்ற வினைக்கோ எந்த இடத்தின் முன்னாலும் 'டு' கிடையாது. 'ரீச்ட் டு தி ஸ்டேஷன்' என்று பலர் எழுதுவது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான்.

அதிகக் கவனம் தேவைப்படுவது இன்னொரு வினை சேரும் இடத்தில். முடிதிருத்தும் கடைக்குப் போய் வந்தவர் தமிழில் 'முடி வெட்டினேன்' என்று சொன்னாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆங்கிலத்தில் 'ஐ கட் மை ஹேர்' என்றால் கத்தரிக்கோலைத் தானே பிடித்து வெட்டிக்கொண்டதாக அர்த்தம். வேறொருவர் வெட்டினால் 'ஐ காட் மை ஹேர் கட்'. கெட், பிறகு முடி, கார் போன்ற ஒரு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம் ('ஈட், ஏட், ஈட்டன்' என்பதில் 'ஈட்டன்' போல) என்ற இந்த வரிசையை அப்படியே பழகிக்கொள்ளுங்கள்: 'கெட் தி கார் ரிப்பேர்ட்', 'கெட் தி ஹவுஸ் பெயின்டட்'. வரிசை மாறினால் அர்த்தமும் மாறிவிடும்.

பொருளுக்குப் பதில் ஆள் வந்தால் 'டு' சேரும். 'ஐ காட் ஹிம் டு சைன்' என்றால் பேசி இணங்கவைத்துக் கையெழுத்துப் போடவைத்தேன். 'ஐ மேட் ஹிம் சைன்' என்பதில் கட்டாயம் தொனிக்கும், அங்கே 'டு' வராது. அலுவலக மின்னஞ்சலில் இவற்றை மாற்றிப் போட்டால் தொனியே கெட்டுவிடும்.

'கெட்' உடனேயே மூன்றாம் வடிவத்தோடு சேர்ந்தால் செயப்பாட்டுவினை: 'ஹி காட் ஃபயர்ட்', வேலையிலிருந்து நீக்கப்பட்டார். கேள்வியாக்கும்போது 'வேர் யூ காட் பெய்ட்?' என்பது தவறு. 'டிட் யூ கெட் பெய்ட்?' என்றே கேட்க வேண்டும்.

'ஐ காட் டு மீட் ஹெர்' என்றால் அவரைச் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தது. 'ஐ ஹேவ் காட் டு மீட் ஹெர்' என்றால் சந்தித்தே ஆக வேண்டும். வேகமாகப் பேசும்போது 'ஹேவ்' காதில் விழாமலே போகும் என்பதால் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். நடந்து முடிந்ததைச் சொல்கிறாரா, இனி செய்ய வேண்டியதையா என்று முன்பின் பேச்சை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

'ஐ ஹேவ் காட் எ கார்' என்பதில் 'காட்' இருந்தாலும் அது நிகழ்காலம், என்னிடம் கார் இருக்கிறது. அமெரிக்கர்கள் 'ஐ ஹேவ் காட்டன் எ கார்' என்றால் கார் வாங்கிவிட்டார்கள் அல்லது அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. பிரிட்டிஷ் வழக்கில் இந்தக் 'காட்டன்' அரிது.

'ஐ டோன்ட் கெட் இட்' மட்டும் இந்த வழிக்குள் முழுதாக அடங்காது. அங்கே 'புரியவில்லை' என்ற பொருளைச் சூழலிலிருந்தே எடுக்க வேண்டும். கெட்-ஓடு சிறுசொற்கள் சேரும் தொடர்களையும் தனித்தனியாகத்தான் கற்க வேண்டும். 'கெட் ஓவர்' என்றால் நோயிலிருந்தோ வருத்தத்திலிருந்தோ மீள்வது, 'கெட் பை' என்றால் இருப்பதை வைத்துச் சமாளிப்பது. வண்டி ஏறுவதற்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது: உள்ளே எழுந்து நடக்க முடிகிற பஸ், ரயில், விமானத்துக்கு 'கெட் ஆன்', குனிந்து உட்காரும் கார், டாக்சிக்கு 'கெட் இன்'. மேலே ஏறி உட்காரும் சைக்கிளுக்கும் 'ஆன்' தான்.

பேச்சில் இவை எல்லாமே இயல்பு, தயங்காமல் பயன்படுத்துங்கள். விண்ணப்பத்திலும் ஆய்வுக் கட்டுரையிலும் குறைத்துக்கொள்ளுங்கள். 'ஐ காட் யுவர் லெட்டர்' என்பதை அங்கே 'ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர்' என்று எழுதினால் போதும்.