குழாயில் கழிவுநீர்: நட்டஈடு வழக்குத் தொடுக்கலாமா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். மூன்று மாதங்களாகக் குடிநீர் மஞ்சளாக, சாக்கடை நாற்றத்துடன் வருகிறது. புகார் செய்தால் பொறியாளர் அலட்சியமாகப் பேசுகிறார். என் மகள் டைபாய்டு வந்து ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தாள். இப்போது கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம். தண்ணீர் மெதுவாக வருவதால், தெருவில் எல்லோரையும் போல நாங்களும் குழாயில் சிறிய மோட்டார் வைத்திருக்கிறோம். பாட்டிலில் பிடித்துக் கொடுத்த தண்ணீரில் ஈ.கோலி என்ற மலக்கிருமி இருப்பதாக ஆய்வகம் அறிக்கை தந்துள்ளது. சென்னைக் குடிநீர் வாரியத்திடம் 20 லட்சம் ரூபாய் நட்டஈடு கேட்க முடியுமா?

பதில்: குழந்தை நலமாக வீடு திரும்பியதில் மகிழ்ச்சி. பொறியாளர் பேசிய விதத்தை மனுவில் எழுதாதீர்கள். அதனால் ஒரு ரூபாய் கூடக் கூடுதலாகக் கிடைக்காது. தூய குடிநீர் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவின்படி வாழ்வுரிமையில் அடங்கும் என்பதையும் எதிர்த்தரப்பு மறுக்கப்போவதில்லை. கழிவுநீர் எந்த இடத்தில் புகுந்தது என்பதே உங்கள் வழக்கின் ஒரே கேள்வி. தெருவில் ஓடும் பிரதான குழாயில் புகுந்திருந்தால் வாரியம் பதில் சொல்ல வேண்டும். உங்கள் வளாகத்துக்குள் உள்ள குழாயிலோ சம்ப்பிலோ புகுந்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் மோட்டார்தான் எனக்குக் கவலை தருகிறது. வட சென்னையின் பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அருகருகே கிடக்கின்றன. அழுத்தம் குறைந்த குழாயிலிருந்து மோட்டார் நீரை உறிஞ்சும்போது, மூட்டுகளில் உள்ள மயிரிழை விரிசல் வழியாக வெளியே தேங்கியிருக்கும் சாக்கடை உள்ளே இழுக்கப்படுகிறது. நேரடியாக மோட்டார் வைப்பது விதிமீறல் என்பதால், வாரியத் தரப்பினர் தங்கள் எதிருரையின் (பதில் மனுவின்) முதல் பத்தியிலேயே இதை எழுதுவார்கள். நல்ல வழக்குகள் இந்த ஒரு பத்தியில் சரிந்ததைப் பார்த்திருக்கிறேன். மோட்டாரை இன்றே கழற்றிவிடுங்கள். ஆனால், வைத்திருக்கவே இல்லை என்று பிரமாணப் பத்திரத்தில் ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்தப் பொய் வெளிப்பட்டால் உண்மையான பகுதியையும் நீதிமன்றம் நம்பாது.

ஆய்வக அறிக்கையும் பலவீனமானதே. ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி 100 மில்லி குடிநீரில் ஈ.கோலி அறவே இருக்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் நீங்களே பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோன நீர் எந்தக் குழாயிலிருந்து வந்தது, பாட்டில் சுத்தமாக இருந்ததா என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? கிருமிநீக்கம் செய்த பாட்டிலில், சம்ப்புக்குள் விழுவதற்கு முன்பே, ஆய்வக ஊழியரே மாதிரி எடுத்து, பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாரியத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, அதே காலையில் மோட்டார் இல்லாத இரண்டு பக்கத்து வீடுகளிலும் மாதிரி எடுக்கச் செய்யுங்கள். அங்கும் ஈ.கோலி இருந்தால் பழுது தெருக்குழாயில்தான் என்று வாதாட வலுவான ஆதாரம் கிடைக்கும்.

டைபாய்டு பற்றியும் சொல்லிவிடுகிறேன். டைபாய்டுதான் என்று நிரூபிக்க விடால் என்ற இரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். கேன் தண்ணீர் வாங்கத் தொடங்கியது குழந்தைக்கு நோய் வருவதற்கு முன்பா, பின்பா என்பதும் முக்கியம். முன்பே என்றால், "குழாய்த் தண்ணீரைக் குடிக்கவே இல்லையே" என்ற குறுக்கு விசாரணைக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

ஆகவே 20 லட்சத்தை மறந்துவிட்டு, சமரசத்துக்குப் போங்கள் என்பதே என் ஆலோசனை. குடிநீர் வழங்கல் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்பதால், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் முதலில் சமரசம் பேசும் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். வேறு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். இங்கே மனுக் கொடுத்த பிறகு அதே தகராறை அங்கே கொண்டுபோகவும் முடியாது. சமரசம் முறிந்தால் அந்த மன்றமே தீர்ப்பளிக்கும், அதற்கு மேல்முறையீடு கிடையாது என்பதால், மேலே சொன்ன ஆதாரங்கள் கைக்கு வரும்வரை மனுவைத் தாக்கல் செய்யாதீர்கள். ரசீது உள்ள மருத்துவச் செலவையும், பழுதான குழாயை மாற்றித் தருவதையும் கேளுங்கள். குழாயை எந்தத் தேதிக்குள் மாற்றுவார்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.